பதில் வரும் வரை

எதிர் வீட்டுப் பையன் ஒரு வாரமாகச் சரியாகத் தூங்கவில்லை என்று அவன் அம்மா வந்து வருத்தப்பட்டார். 'நீங்களாவது கேளுங்க சார். எங்ககிட்ட வாயே திறக்க மாட்டேங்கறான்.'

வயசு இருபத்தாறு. அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு காலத்தில் லேத் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் இப்போது கண்ணாடி போர்த்தி நிற்கும் கட்டடம் ஒன்றில் வேலை. இந்த வயசில் தூக்கம் போவதற்கு நமக்குத் தெரிந்து ஒரே காரணம்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் பால் பாக்கெட்டோடு வந்தவனை மடக்கினேன்.

'என்னப்பா, லவ்வா?'

'இல்ல அங்கிள். பக்.'

'பக்' என்றால் மூட்டைப்பூச்சி என்று படித்த தலைமுறை எங்களுடையது. டீக்கடை பெஞ்சில் உட்காரவைத்து விவரம் கேட்டேன். பூச்சிதான். ஆனால் கட்டிலில் இல்லை, ப்ரோக்ராமில்.

ஆவடிப் பக்கம் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். அதற்கு இவர்கள் ஒரு வெப் பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். கவுன்ட்டரில் இருக்கும் பெண் நம்பரைத் தட்டினால் திரையின் மேல் பாதியில் பெயர், வயது. கீழ்ப் பாதியில் ரிசல்ட். இரண்டையும் பக்கம் தனித்தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும். பிரின்ட் எடுத்து, கவரில் போட்டு, 'டாக்டர்கிட்ட காட்டுங்க' என்று கொடுக்க வேண்டியது.

அன்று காலை நல்ல கூட்டம். ஒருவருடைய நம்பரைத் தட்டியிருக்கிறாள். ரிசல்ட் வருவதற்குள் அவர், 'ஃபோன் வருதும்மா, ஒரு நிமிஷம்' என்று வெளியே போய்விட்டார். அடுத்து நின்ற அம்மாவின் நம்பரைத் தட்டினாள். அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு டெஸ்ட், சுகர். பதில் சட்டென்று வந்துவிட்டது. வெளியே போனவருக்குப் பதினைந்து டெஸ்ட். அந்தப் பதில் ஆடி அசைந்து பின்னால் வந்தது. வந்ததும், தனக்கென்று ஏற்கெனவே சொல்லிவைத்த இடத்தில், திரையின் கீழ்ப் பாதியில், சமர்த்தாக உட்கார்ந்துகொண்டது. மேலே அந்த அம்மாவின் பெயர். கீழே அந்த ஆளின் ரத்தம்.

பிரின்ட்டும் ஆகிவிட்டது. 'ஏம்மா, நான் சுகருக்கு மட்டும்தான குடுத்தேன், இதுல என்னென்னமோ இருக்கே' என்று அந்த அம்மா கேட்டதால் தப்பித்தது. கவுன்ட்டர் பெண், 'பிரின்டர் கோளாறும்மா' என்று சமாளித்து வேறு எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

'இதுல யார் பண்ணது தப்பு?' என்று கேட்டேன்.

'அதான் அங்கிள் விஷயமே. கேள்வி ரெண்டும் சரி. பதில் ரெண்டும் சரி. போய்ச் சேர்ந்த இடம்தான் தப்பு.'

தப்பைக் கண்டுபிடித்து அன்றைக்கே சரி செய்துவிட்டான். அதற்கப்புறம் ஏன் தூக்கம் வரவில்லை என்பதற்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் இந்தப் பதில்கள் பின்னால் வருகிற சமாச்சாரத்தைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

* * *

வெப் பக்கங்கள் பிறந்த புதிதில் எதைக் கேட்டாலும் பக்கம் முழுவதும் வெளுத்துப்போய், மறுபடி தலையிலிருந்து வரும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். 90-களின் கடைசியில், மெயிலை ப்ரௌசரிலேயே பார்ப்பதற்காக மைக்ரோசாஃப்டில் 'அவுட்லுக் வெப் அக்சஸ்' எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஒரு குறுக்கு வழி கண்டார்கள். பக்கம் அது பாட்டுக்கு இருக்கட்டும், கொல்லைப்புறமாக ஓர் ஆளை அனுப்பி, வேண்டியதை மட்டும் வாங்கி வரச் சொல்வோம். 1999-ல் வந்த இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 5-ல் இந்த வசதி சேர்ந்தது. 2004-ல் ஜிமெயிலும் 2005-ல் கூகுள் மேப்ஸும் இதை வைத்து வித்தை காட்டிய பிறகுதான் உலகம் நிமிர்ந்து பார்த்தது. 2005 பிப்ரவரியில் ஜெஸ்ஸி ஜேம்ஸ் காரெட் என்பவர் இந்த முறைக்கு 'அஜாக்ஸ்' என்று பெயர் வைத்தார். (திருவொற்றியூர் அஜாக்ஸ் பஸ் டிப்போவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) அதில் முதல் எழுத்து 'அசிங்க்ரனஸ்' என்பதைக் குறிக்கிறது. கேட்பது ஒரு நேரம், பதில் வருவது ஒரு நேரம், நடுவில் நம் வேலை நம்மோடு.

இதை நம் ஓட்டல் சர்வர்கள் ஜாவாஸ்க்ரிப்ட் பிறப்பதற்கு முன்பிருந்தே செய்துவருகிறார்கள். அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் காலை எட்டு மணிக்கு ஏதாவது ஒரு டிபன் கடையில் நின்று பாருங்கள். ரவா தோசை கேட்டால் அது வேகும்வரை சர்வர் கல் பக்கத்திலேயே நிற்பதில்லை. உள்ளே ஒரு சத்தம் கொடுத்துவிட்டு அடுத்த டேபிளுக்கு இட்லி வைக்கப் போய்விடுகிறார். தோசை ரெடியானதும் உள்ளேயிருந்து குரல் வரும். ஒரே ஆள், எட்டு டேபிள். நின்றிருந்தால் இரண்டு டேபிள் பார்க்கலாம்.

ஆனால் ஒரு சிக்கல். ரவா தோசை ஆறாவது டேபிளுக்கு என்று சொல்லியாகிவிட்டது. தோசை வருவதற்குள், ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று கேட்டவர் எழுந்து போய், அங்கே வேறு ஒருவர் உட்கார்ந்துவிட்டார். கற்றுக்குட்டி சர்வர் டேபிள் நம்பரைப் பார்த்து வைத்துவிட்டுப் போவான். அனுபவசாலி ஆளைப் பார்ப்பான். நம் பையன் எழுதிய பக்கம் டேபிள் நம்பரைப் பார்த்துவிட்டது. அவ்வளவுதான். வைத்தியம் என்ன செய்தாய் என்று கேட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரிசை எண் போடுவது. பதில் வந்தால், இது கடைசியாகக் கேட்ட கேள்விக்குத்தானா என்று பார்ப்பது. இல்லையென்றால் தூக்கிப் போடுவது. இரண்டு வரி சமாச்சாரம்.

இரண்டு வரி என்றாலும் அதில் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. பதில் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. அது யாருக்கு, எந்தக் கேள்விக்கு, இன்னும் அந்தக் கேள்வி உயிரோடு இருக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்துதான் அது பதில்.

* * *

காத்திருக்கும் பதில்களைக் கையாள ஆரம்பத்தில் 'கால்பேக்' என்ற முறை இருந்தது. 'வந்ததும் இந்த நம்பருக்குக் கூப்பிடு' என்று சொல்லிவைப்பது போல. அந்த நம்பருக்குக் கூப்பிட்டதும் அங்கே ஒருவர் இன்னொரு நம்பருக்குக் கூப்பிட, அங்கே ஒருவர் மற்றொன்றுக்கு... நம் தாலுகா ஆபீஸ் போல ஆகிவிட்டது. இதற்கு ப்ரோக்ராமர்கள் வைத்த பெயர் 'கால்பேக் நரகம்'. அதிலிருந்து கரையேற வந்ததுதான் 'ப்ராமிஸ்'. 1976-லேயே டேனியல் ஃப்ரீட்மேன், டேவிட் வைஸ் என்ற இரண்டு பேர் இந்தச் சொல்லைப் பயன்படுத்திவிட்டார்கள். 1988-ல் பார்பரா லிஸ்கோவும் லியூபா ஷ்ரிராவும் இதைப் பற்றி ஒரு முக்கியமான கட்டுரை எழுதினார்கள். ஜாவாஸ்க்ரிப்ட்டில் அதிகாரபூர்வமாக நுழைந்தது 2015-ல்.

கேட்டவுடன் உங்களுக்குப் பதில் கிடைப்பதில்லை. பதிலாக, ஒரு வாக்குறுதி கிடைக்கிறது. காலிப் பெட்டி. இதில் ஒரு நாள் ஏதோ வரும் என்று கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதை நீங்கள் அடுத்தவரிடம் கொடுக்கலாம், அதை நம்பி மேற்கொண்டு திட்டம் போடலாம். பெட்டிக்கு மூன்றே நிலைகள். நிலுவை, நிறைவேறியது, மறுக்கப்பட்டது. நிறைவேறிவிட்டால் பிறகு மறுக்க முடியாது. மறுத்துவிட்டால் பிறகு மனசு மாற முடியாது. ஒரு தடவைதான்.

பையன் இன்னொன்றும் சொன்னான். இணையத்தில் எதையாவது கொண்டுவர 'ஃபெட்ச்' என்று ஒரு கட்டளை இருக்கிறதாம். அந்தப் பக்கத்து சர்வர், 'நீ கேட்டது இங்கே இல்லை' என்று 404 சொன்னால் அந்தக் கட்டளை அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்வதில்லை. வாக்குறுதி நிறைவேறியதாகவே கணக்கு. லைனே கிடைக்காமல் போனால்தான் தோல்வி. முதலில் கேட்கும்போது அபத்தமாகத் தெரிந்தது. யோசிக்க யோசிக்க, இதை எழுதினவனுக்கு உலகம் தெரியும் என்று தோன்றியது. 'இல்லை' என்பதும் ஒரு பதில்தான். போனதும் தெரியாமல் வந்ததும் தெரியாமல் இருப்பதுதான் தோல்வி.

இங்கே எனக்கு ஒரு பழைய கணக்கு ஞாபகம் வந்தது. எழுதுவதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

* * *

எண்பதுகளின் கடைசி. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையில் பர்சனல் பிரிவில் இருந்தேன். அரசாங்கம் 1964-ல் ஆரம்பித்த இந்தத் தொழிற்பேட்டையில் அந்த நாளில் கேட்டுக்குக் கேட், கையில் பிளாஸ்டிக் ஃபைலோடு பையன்கள் நிற்பார்கள். ஐ.டி.ஐ. ஃபிட்டர், டர்னர், வெல்டர். 'பயோடேட்டா குடுத்துட்டுப் போப்பா, கூப்பிடறோம்' என்போம். கூப்பிட மாட்டோம். அவர்களுக்கும் அது தெரியும்.

ஆனால் பட்டாபிராமிலிருந்து வந்த ஒரு பையன் விஷயம் வேறு. டெஸ்ட் வைத்தேன். அருமையாக ஃபைல் போட்டான். பிடித்துப்போய், 'எம்.டி. ஊர்ல இல்ல. வந்ததும் கேட்டுட்டு நானே உனக்குச் சொல்றேன்' என்றேன். அட்ரஸ் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான். எம்.டி. வந்தார். கேட்டேன். 'இந்த வருஷம் ஆள் எடுக்கறதா இல்லை' என்றார். முடிந்தது விஷயம். ஒரு போஸ்ட் கார்டில் இரண்டு வரி எழுதிப் போட்டிருக்கலாம். கெட்ட செய்தியை எதற்கு மெனக்கெட்டு எழுத வேண்டும், நாலு வாரம் பார்த்துவிட்டு அவனே புரிந்துகொள்வான் என்று விட்டுவிட்டேன்.

ஐந்தாறு வருஷம் கழித்து ஆவடி ரயிலில் பார்த்தேன். அவனே அடையாளம் கண்டு எழுந்து இடம் கொடுத்தான். ஏதோ ஒரு பட்டறையில் இருப்பதாகச் சொன்னான். பேச்சோடு பேச்சாகச் சிரித்துக்கொண்டே சொன்னான். 'அப்ப மாமா ஓசூர்ல ஒரு கம்பெனியில பர்மனென்ட்டா சொல்லிவெச்சிருந்தாரு சார். நீங்க சொல்றேன்னு சொன்னீங்களா, அதனால போகல. நாலு மாசம் பார்த்தேன். அப்புறம் அங்கயும் ஆள் எடுத்துட்டாங்க.'

கோபமே இல்லை அவன் குரலில். அதுதான் தாங்கவில்லை. வில்லிவாக்கத்தில் இறங்க வேண்டியவன் கொரட்டூரிலேயே இறங்கிவிட்டேன்.

நான் அவனிடம் பொய் சொன்னேனா? இல்லை. சொன்ன நிமிஷத்தில் சத்தியமாகச் சொல்லத்தான் நினைத்தேன். இம்மானுவேல் கான்ட் 1785-ல் எழுதிய புத்தகத்தில், திருப்பித் தர முடியாது என்று தெரிந்தே 'தந்துவிடுகிறேன்' என்று கடன் வாங்குபவனை எடுத்துக்கொண்டு வறுத்தெடுக்கிறார். எல்லோரும் அப்படிச் செய்தால் வாக்குறுதி என்ற சொல்லுக்கே அர்த்தமில்லாமல் போய்விடும் என்பது அவர் வாதம். சரிதான். ஆனால் நம்மில் பாதிப் பேர் கான்ட்டின் குற்றவாளிகள் இல்லை. பொய்யாக வாக்குக் கொடுப்பவர்கள் குறைவு. நிஜமாகக் கொடுத்துவிட்டு நிலுவையில் விடுபவர்கள்தான் அதிகம். 'சொல்றேன்', 'பார்க்கறேன்', 'கேட்டுட்டுக் கூப்பிடறேன்'. இந்த மூன்று சொற்களில் தமிழ்நாட்டின் எத்தனை ஓசூர் வேலைகள் போயிருக்கும்!

ஹன்னா அரென்ட் 1958-ல் எழுதிய ஒரு புத்தகத்தில் வாக்குறுதிக்கு ஒரு நல்ல விளக்கம் சொல்கிறார். நாளைக்கு என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாத உலகத்தில், மனிதர்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்குகள்தான் நாம் ஊன்றி நிற்கக் கிடைத்த திட்டுகள். அதனால்தான் 'சொல்றேன்' என்பது வெறும் பேச்சு இல்லை. அதைச் சொன்ன நொடியில் எதிரே இருப்பவன் எதிர்காலத்தில் ஒரு மூலையை நாம் பூட்டி, சாவியை நம் பாக்கெட்டில் போட்டுக்கொள்கிறோம். வேலை கொடுப்பது என் கையில் இல்லை. சாவியைத் திருப்பிக் கொடுப்பது என் கையில்தான் இருந்தது.

* * *

தனி மனிதன் செய்தால் ஒரு ஓசூர் வேலை. ராஜ்யம் செய்தால்?

பூந்தமல்லியில் ஒரு தனி நீதிமன்றம். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998 ஜனவரி 28-ம் தேதி 26 பேருக்குத் தூக்கு என்று தீர்ப்பு வந்தது அங்கிருந்துதான். 1999-ல் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்து, மூன்று பேருக்கு ஆயுளாகக் குறைத்து, நான்கு பேருக்குத் தூக்கை உறுதி செய்தது. அதில் ஒருவருக்கு 2000-ல் ஆயுளாகக் குறைந்தது. மற்ற மூன்று பேர் அதே வருஷம் ஜனாதிபதிக்குக் கருணை மனு போட்டார்கள். பதில் வந்தது 2011-ல். இல்லை என்று. பதினோரு வருஷம்.

அந்தக் கொலையைப் பற்றி, அதன் நியாய அநியாயம் பற்றி உங்களுக்கும் எனக்கும் வேறு வேறு கருத்து இருக்கலாம். அதை இங்கே பேசவில்லை. 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு செத்துப்போனவர்களின் வீட்டிலும் மனிதர்கள் காத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்கும் அந்தப் பதினோரு வருஷம் கேள்விக்குறிதான். நான் சொல்ல வருவது வேறு. 2014 பிப்ரவரி 18-ம் தேதி, நம் ஊர்க்காரர் பி. சதாசிவம் தலைமை நீதிபதியாக இருந்த அமர்வு, மூன்று பேரின் தூக்கை ஆயுளாகக் குறைத்தது. அதற்கு முந்தின மாதம் வேறு பதினைந்து பேருக்கும் இதே அடிப்படையில் குறைத்திருந்தார்கள். நியாயமான காரணமில்லாமல் ஒருவனை வருஷக்கணக்கில் அப்படி நிறுத்திவைப்பதே ஒரு கொடுமை என்பதுதான் சாரம்.

'ஆம்' என்று சொல்லியிருக்கலாம். 'இல்லை' என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டுக்கும் அதிகாரம் உண்டு. சும்மா இருப்பதற்குத்தான் அதிகாரம் இல்லை. கோர்ட் கணக்கில் மௌனம் நடுநிலை இல்லை. காத்திருப்பவன்மேல் நாம் செய்யும் ஒரு காரியம் அது.

இதற்கு நேர் எதிராக ஒரு நல்ல காரியமும் நம் நாட்டில் நடந்தது. 2005 அக்டோபரில் அமலுக்கு வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதைப் படித்தவர்கள் முப்பது நாள் என்பதைக் கவனித்திருப்பீர்கள். உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரம். ஆனால் அதில் என்னைக் கவர்ந்தது அதற்கு அடுத்த வரி. குறித்த நாளுக்குள் பதிலே வரவில்லை என்றால், மறுத்துவிட்டதாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. அதனால் மேல் முறையீட்டுக்குப் போகலாம். பதில் தராத அதிகாரிக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 வரை அபராதம் போடவும் வழி வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர்காரர்கள் இதை 'டைம் அவுட்' என்கிறார்கள். மௌனத்தை மௌனமாகவே விட்டுவைக்காமல், ஒரு தேதி போட்டு அதை 'இல்லை'யாக மாற்றிக் கையில் கொடுத்துவிடுவது. 'இல்லை' கையில் கிடைத்தால் மனிதன் அடுத்த கதவைத் தட்டப் போவான். ஒன்றுமே கிடைக்காதவன்தான் அதே வாசலில் நிற்கிறான்.

(ப்ராமிஸ் நிறைவேறுவதற்கு ஜாவாஸ்க்ரிப்ட்டில் 'ரிசால்வ்' என்று சொல். அரசியலில் 'ரிசல்யூஷன்', அதாவது தீர்மானம். 1955 ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, சோஷலிஸ பாணி சமுதாயம் அமைப்பதென்று தீர்மானம் போட்டது. கம்ப்யூட்டரில் ரிசால்வ் என்றால் காரியம் முடிந்தது. ஆவடியில் அதுதான் ஆரம்பம். அந்தப் பெட்டி என்ன நிலையில் இருக்கிறதென்று நீங்களே சொல்லுங்கள்.)

* * *

தப்பு எல்லாம் பதில் சொல்பவன் பக்கம் என்று முடித்துவிட்டால் எனக்கு வசதி. ஆனால் நியாயமாகாது. காத்திருப்பவனுக்கும் இரண்டு கடமை இருக்கிறது.

ஒன்று, கேள்வி கேட்கும்போதே இரண்டு பதிலுக்கும் இடம் வைத்திருக்க வேண்டும். நிறைவேறினால் என்ன செய்வது என்று நாம் பத்து வரி எழுதுகிறோம். மறுத்துவிட்டால் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரிகூட எழுதுவதில்லை. பிளஸ் டூ ரிசல்ட் நாளில் வீட்டுக்கு வீடு பார்க்கிறோம். பாஸானால் எந்த காலேஜ், எந்த க்ரூப், யார் யாருக்கு ஸ்வீட் என்பது வரை தயார். இல்லையென்றால் என்பதற்கு அந்த வீட்டில் வார்த்தையே இல்லை. அந்த ஒரு வரி இல்லாததால் சில குழந்தைகளை நாம் இழந்தே இருக்கிறோம். 'வரலைன்னா பரவால்ல, சப்ளிமென்டரி எழுதிக்கலாம்' என்று ரிசல்ட்டுக்கு முதல் நாள் ராத்திரி சாப்பாட்டுத் தட்டு முன்னால் சொல்லிவைத்தால், அது அபசகுனமில்லை. அதுதான் மறுப்புக்கான வரி.

இரண்டு, ஒரு பதிலுக்காக மொத்தக் கடையையும் மூடிவிடக் கூடாது. பட்டாபிராம் பையன் ஓசூருக்குப் போயிருக்கலாமா? போயிருக்கலாம். என் பதில் பின்னால் வந்து சேர்ந்தால் அப்போது பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால் இதைச் சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. எட்டு டேபிள் பார்ப்பவனுக்கு ஒரு தோசை வராவிட்டால் பரவாயில்லை. கையில் ஒரே ஒரு கதவு இருப்பவனிடம் போய், 'நீ ஏன் அசிங்க்ரனஸாக வாழவில்லை?' என்று கேட்பது அநியாயம். காத்திருப்பு வசதியுள்ளவனுக்கு ஒரு மாதிரி, இல்லாதவனுக்கு வேறு மாதிரி. அதனால்தான் பதில் சொல்லும் இடத்தில் இருப்பவனுக்குப் பொறுப்பு ஒரு படி அதிகம் என்கிறேன்.

* * *

இனி பையனின் தூக்கத்துக்கு வருவோம்.

அந்தப் பக்கம் மூன்று வாரமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. சுகர் மட்டும் கொடுத்த அம்மாவுக்குப் பதினைந்து டெஸ்ட் வந்ததால் கண்ணில் பட்டது. இரண்டு பேருமே சுகர் டெஸ்ட் கொடுத்தவர்களாக இருந்தால்? பெயர் சரியாக இருக்கும். டெஸ்ட் சரியாக இருக்கும். எண் மட்டும் வேறு ஒருவருடையது. யாருக்கும் தெரியப்போவதில்லை.

மேலே இருப்பவரிடம் சொல்லியிருக்கிறான். 'ஃபிக்ஸ் பண்ணிட்ட இல்ல? யாரும் கம்ப்ளெய்ன்ட் பண்ணல இல்ல? விட்டுடு. நாமளா போய்ச் சொன்னா கான்ட்ராக்ட் போயிடும்' என்று பதில்.

'கேட்ச்னு ஒண்ணு இருக்கு அங்கிள்,' என்றான். 'தப்பு வந்தா அங்க பிடிச்சு ஏதாவது பண்ணணும். சில பேர் பிடிச்சுட்டு உள்ள ஒண்ணுமே எழுதாம காலியா விட்டுடுவாங்க. ப்ரோக்ராம் நிக்காது, அழகா ஓடும். தப்பு உள்ளயே இருக்கும். விழுங்கறதுன்னு சொல்லுவோம். இப்ப என்னை அதைத்தான் பண்ணச் சொல்றாங்க.'

சர்வர் பக்கம் ஜாவாஸ்க்ரிப்ட் ஓட்டும் நோட் என்ற மென்பொருளில் முன்பெல்லாம், மறுக்கப்பட்ட வாக்குறுதியை யாரும் கவனிக்காவிட்டால் ஒரு எச்சரிக்கை மட்டும் எழுதிவிட்டு மேலே போய்விடுமாம். 2020-ல் வந்த 15-ம் பதிப்பிலிருந்து, கவனிக்காமல் விட்டால் மொத்த ப்ரோக்ராமும் அங்கேயே நின்றுவிடும்படி மாற்றிவிட்டார்கள். விழுங்கிக்கொண்டு ஓடுவதைவிட நிற்பது மேல் என்று முடிவு செய்தார்கள். இயந்திரத்துக்கு இப்படி ஒரு விதி போட முடிந்தது. மனிதனுக்கு யார் போடுவது? ஒருவேளை, தூக்கம் வராமல் போவதுதான் அந்த விதியோ என்னவோ.

'நான் என்ன பண்ணட்டும் அங்கிள்?'

கேட்டவுடன் எனக்கு 'யோசிச்சுச் சொல்றேன்பா' என்று வாய் வரை வந்துவிட்டது. சமயத்தில் பட்டாபிராம் பையன் ஞாபகம் வந்து காப்பாற்றினான். 'சொல்லிடு' என்றேன். 'வேலை போனா?' என்றான். 'போகலாம். அது போகாதுன்னு என்னால வாக்குக் குடுக்க முடியாது' என்றேன். அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. இருபத்தாறு வயசில் இன்னொருவன் சம்பளத்தை வைத்து தர்மம் பேசுவது சுலபம்.

சொல்லிவிட்டான். மெயிலில், நடந்தது நடந்தபடி, தன் தப்பு என்று எழுதி, லேபுக்கும் தெரிய வேண்டும் என்று கேட்டிருக்கிறான். இரண்டு நாள் ஆபீஸில் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்புறம் பெரியவர் ஒருவர் கூப்பிட்டு, லேபுக்குச் சொல்லச் சம்மதித்தார். லேபில் பிரின்ட் எடுத்ததற்கெல்லாம் ஒரு காப்பி இருந்தது நல்லதாகப் போயிற்று. மூன்று வாரக் காப்பிகளையும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்கள். இன்னும் இரண்டு கவர்கள் தப்பாகப் போயிருந்தன. ஒருவர், இல்லாத சுகருக்குப் பயந்து பதினைந்து நாளாகச் சர்க்கரை போடாத காபி குடித்துக்கொண்டிருந்தார். இன்னொருவருக்கு நிஜமாகவே எகிறியிருந்தது. நார்மல் என்று நம்பி, கல்யாண சீசனை விடாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கே டாக்டரிடம் அனுப்பினார்கள். வேலை போகவில்லை. போயிருந்தாலும் அந்த இரண்டாவது மனிதர் டாக்டரிடம் போயிருப்பார் என்பதை எழுதிவைக்கிறேன்.

முதல் நாள் கவரைப் பிரித்துப் பார்த்துக் கேட்ட அம்மாவுக்கும் ஃபோன் செய்தார்களாம். பிரின்டர் கோளாறு இல்லை, எங்கள் தப்பு என்று சொன்னதும் அந்த அம்மா, 'அப்பவே நெனச்சேன். பிரின்டர் எப்படிப்பா என் பேர கரெக்ட்டா போட்டுட்டு ரத்தத்த மட்டும் மாத்தும்?' என்று கேட்டாராம். பிறகு, 'அந்தத் தம்பி ஃபோன் பேசப் போனாரே, அவருக்கு ரிசல்ட் ஒழுங்கா போய்ச் சேந்துச்சா?' என்றும் கேட்டாராம். அதை அதுவரை யாரும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசலில் அவன் அம்மாவைப் பார்த்தேன்.

'தூங்கறான் சார். மணி பதினொண்ணு ஆகுது. எழுப்பவா?'

வேண்டாம் என்றேன்.